நிலாக் காவலர் நான்காம் பாகம்

விழுப்புரம்
9.6.2024

அன்புள்ள ஜெசி அக்காவுக்கு,

தம்பி ராயப்பன் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் நலம். அங்கே நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேண்டிக்கொள்கிறேன்.

உன் பழைய நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் உன் சிநேகிதி அமலாக்காவைப் பார்த்தேன். திண்டிவனத்தில் நீ வேலை செய்யும் இரத்தப் பரிசோதனை லேப்பின் விலாசத்தை அவர்தான் கொடுத்தார். நீ கோயிலில் தாலி கட்டிக்கொள்ளாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுப் போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இப்படிப்பட்ட கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டுமோ அதெல்லாம் எனக்கு எழுத வரவில்லை. ஒரு செய்தி மட்டும் இருக்கிறது. உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் அதன் அருமை விளங்காது.

நம் 'நிலாக் காவலர்' படத்தை வாங்கிவிட்டார்கள்.

மும்பையில் திரிலோக் என்டர்டெயின்மென்ட் என்று ஒரு பெரிய கம்பெனி. சேனல், தியேட்டர், ஓடிடி எல்லாம் வைத்திருப்பவர்கள். நம் படத்தை எடுத்த வெண்சுடர் கம்பெனியை மொத்தமாக வாங்கிவிட்டார்கள். மூன்று பாகங்களும், பாட்டும், டப்பா என்கிற அந்த ரோபோவின் உருவமும் இனி அவர்களுடையது. நான்காம் பாகம் எடுக்கப்போவதாக அறிவித்தும் விட்டார்கள்.

மூன்றாம் பாகத்தின் கடைசியில் கேப்டன் வேல்விழியின் கப்பல் நிலாவுக்குப் பின்பக்கம் போனதும் திரை கறுத்துவிட்டதே. அழுதுகொண்டே வெளியே வந்த என்னிடம், "அவ சாவலடா. பின்னாடி போயிருக்கா, அவ்ளோதான்" என்று நீ சொன்னாய். அதன் பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். அவள் இத்தனை வருஷமாக அங்கேயே இருந்தாள். இப்போது வரப்போகிறாள்.

செய்தி வந்தபோது நான் பிளக்ஸ் கடையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போர்டு செய்துகொண்டிருந்தேன். இறந்தவரின் மகன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். போனைப் பார்த்ததும் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். பிறகு அவர் காலில் விழாத குறை.

அம்மா இருக்கிறார். அப்பாவும் இருக்கிறார். என் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உன் பாசமுள்ள தம்பி,
ராயப்பன்


திண்டிவனம்
2.7.2024

என் ராயப்பனுக்கு,

அக்காவின் அன்பு. நானும் உன் மாமாவும் சௌக்கியம். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பூனையும்தான்.

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே எத்தனையோ பேர் கையில் ஊசி குத்திவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்தால் மட்டும் யாராவது ரிப்போர்ட் கேட்டு வந்துவிடுகிறார்கள்.

உன் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறேன். ஆனால் பேச மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பார்த்தாயா, இல்லையா என்று நீல டிக்கையே பார்த்துக்கொண்டு இருப்பேன். கடிதமென்றால் வருகிறபோது வரும். அப்படியே எழுது.

உன் மாமா மின்வாரியத்தில் இருக்கிறார். படமே பார்க்க மாட்டார். நீ சொன்னதைச் சொன்னேன். "நிலாவுல காவலுக்கு என்ன இருக்கு, திருடறதுக்கே ஒண்ணும் இல்லியே" என்றார். இவரிடம் என்ன சொல்வது?

வேல்விழியாக அதே நடிகைதானே நடிக்கிறார்? டப்பா இருக்கிறானா? விசாரித்து எழுது.

அம்மா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். எப்படி இருக்கிறார் என்று எழுதவில்லை.

உன்னை மறக்காத,
ஜெசிந்தா


விழுப்புரம்
7.7.2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். மாமாவைக் கேட்டதாகச் சொல். பூனையையும்.

டப்பா இருக்கிறான். கம்பெனி வெளியிட்ட படத்தில் அவன் மட்டும் தனியாக, துரு ஏறிப்போய் நிலா மண்ணில் உட்கார்ந்திருக்கிறான். வேல்விழி யார் என்று இன்னும் சொல்லவில்லை.

மாவட்ட ரசிகர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். இத்தனை பேர் எங்கே ஒளிந்திருந்தார்களோ தெரியவில்லை. அனந்தபுரத்தில் ஒரு டீச்சர், மேல்மலையனூரில் தேங்காய்க் கடை வைத்திருப்பவர் என்று தினமும் ஆள் சேர்கிறது. கோட்டக்குப்பத்து முகம்மது ஆசிப் குவைத்திலிருந்து குரல் செய்தி அனுப்பினார். "பாய், நான் இங்க கிரேன் மேல குந்திக்கினு அழுவுறேன், கீழ சூப்பர்வைசர் என்னாச்சுன்னு கேக்குறான்" என்றார். அடுத்த மாதம் எல்லாரும் கூட்டேரிப்பட்டில் கூடுவதாக இருக்கிறோம். யாருக்கும் தூரமில்லாத இடம்.

கடையில் முதலாளி ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து வேல்விழிக்கு ஆளுயரத்தில் ஒரு பிளக்ஸ் அடித்துவிட்டேன்.

அம்மாவுக்குச் சுகம்தான். காரம் மட்டும் சேர்ப்பதில்லை. மல்லாட்டைச் சட்னியைக்கூட ஒதுக்கிவிட்டுக் கேப்பைக் கூழை நன்றாக ஆறவைத்துக் குடிக்கிறார். வயதாகிறது அல்லவா.

என்றும் உன்,
ராயப்பன்


திண்டிவனம்
21.7.2024

ராயப்பனுக்கு அக்கா எழுதுவது,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு எழுது.

உன் பிளக்ஸை நினைத்துச் சிரித்தேன். முதலாளியிடம் மாட்டிக்கொள்ளாதே. குவைத்து ஆசிப்புக்கு, கிரேனில் உட்கார்ந்து அழ வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அம்மாவுக்கு அறுபதுகூட ஆகவில்லை. காரத்தை நிறுத்துகிற வயதா அது? மல்லாட்டைச் சட்னி இல்லாமல் இட்லியைத் தொட மாட்டாரே. வாயில் புண் இருக்கிறதா என்று கேட்டு எழுது. எத்தனை நாளாக என்றும் கேள்.

பதில் சீக்கிரம் போடு.

ஜெசி


விழுப்புரம்
25.8.2024

அன்பு அக்கா,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். எல்லாரும் நலம்.

கூட்டேரிப்பட்டில் ரசிகர்கள் கூடியது நன்றாக நடந்ததாம். கேக் வெட்டினார்களாம். என்னால் போக முடியவில்லை. அன்றைக்குப் பார்த்து அம்மாவோடு பாண்டிச்சேரி போக வேண்டிய வேலை வந்துவிட்டது. ஆரம்பித்து வைத்தவனே வரவில்லை என்று எல்லாரும் திட்டினார்கள்.

கடையில் மறைக்க முடியாமல் அந்த பிளக்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினேன். அப்பா பார்த்தார். "மாதா படத்துக்கு எதிர்ல இது எதுக்குடா? கழட்டு" என்றார். நான் ஸ்டூலை எடுக்கப் போனேன். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "இருக்கட்டும். அவளுக்குப் புடிச்ச படம்" என்றார். பேர் சொல்லவில்லை. ஆனால் நீ போன பிறகு அப்பாவுக்கு எதிரில் அம்மா உன்னைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்த பிறகும் கழற்றச் சொல்லவில்லை. பிளக்ஸ் அங்கேயேதான் இருக்கிறது.

இப்போதெல்லாம் அம்மா வீட்டுக்குள்ளும் முக்காடு போட்டுக்கொள்கிறார். ஜெபம் அதிகமாகிவிட்டது.

அன்புடன்,
ராயப்பன்


திண்டிவனம்
8.9.2024

ராயப்பா,

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லாருடைய உடம்பையும்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் இருக்கும். திரும்பக் கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் அடித்தால் விடியட்டும் என்று இருக்காதே. மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டும் இருக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. சளி, இருமல் என்று வருகிறவர்களை வாசலோடு பேசி அனுப்பு. பழத்தைக் கழுவித் தோல் சீவிக் கொடு. இது யாருக்கு என்று நான் எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

பிளக்ஸைக் கழற்றாதே.

அக்கா


விழுப்புரம்
27.10.2024

அன்பு அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். எழுத உட்கார்ந்தால் எழுதக் கூடாததெல்லாம் வருகிறது. நீ பொதுவாகச் சொன்னதையெல்லாம் அப்படியே செய்துகொண்டு வருகிறேன். ஒருமுறை நீ சொன்ன மாதிரியே ஓடவும் வேண்டியிருந்தது. நல்ல வேளையாகப் போனோம் என்றார்கள். இப்போது பரவாயில்லை.

படத்தின் கதையைக் கேள். நான்காம் பாகத்தில் வேல்விழி இல்லை. அவளுக்குப் பதிலாக மும்பையிலிருந்து ஒரு ஹீரோ வருகிறான். வேல்விழி அவனுடைய அம்மாவாம். சுவரில் மாலை போட்ட படமாக வருவாளாம். இதைப் பார்க்கவா இத்தனை வருஷம் காத்திருந்தோம்? குழுவில் பாதிப் பேர் கம்பெனியைத் திட்டுகிறார்கள். அனந்தபுரம் டீச்சர் குழுவைவிட்டே போய்விட்டார். பேஜாராகப் போய்விட்டது அக்கா. வாங்கிவிட்டார்கள் என்றதும் கைதட்டினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. முதல் பாகத்தைப் புதுப்பித்து மறுபடியும் தியேட்டரில் விடுகிறார்கள். டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை. விழுப்புரத்திலும் போடுகிறார்கள் என்று பட்டியலில் பார்த்தேன். அது நம்முடைய பழைய படம். அதில் எந்த ஹீரோவும் வந்து நுழைய முடியாது.

நீ வருவாயா? படத்துக்குத்தான். வேறு எதற்கும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் கூடாது.

உன் தம்பி,
ராயப்பன்


திண்டிவனம்
10.11.2024

அன்பு ராயப்பனுக்கு,

இங்கே நலம். தீபாவளிக்கு உன் மாமா வீட்டு ஆட்கள் வந்துபோனார்கள். சுழியம் செய்தேன். பாதி எண்ணெயில் பிரிந்துவிட்டது.

வேல்விழியைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் எடுக்கட்டும். பார்த்துவிட்டுத் திட்டலாம். பார்க்காமலே வேண்டாம் என்றால் நாமும் அப்பா மாதிரி ஆகிவிடுவோம். உன் மாமாவை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

கூப்பிடக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். யாரோ உன் கையைக் கட்டிப்போட்டு எழுத வைப்பது போல இருக்கிறது.

லேப்பில் 20ஆம் தேதிக்கு லீவு சொல்லிவிட்டேன். வருகிறேன். படத்துக்குத்தான்.

ஜெசிந்தா


திண்டிவனம்
8.12.2024

ராயப்பா,

நீங்கள் எல்லாரும் பத்திரமா? விழுப்புரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததாகச் சொல்கிறார்கள். உன் நம்பருக்குக் கூப்பிட்டேன். ஆமாம், கூப்பிட்டேன். போகவில்லை. டவரும் இல்லை, கரண்டும் இல்லை. தபால் எப்போது போகும் என்றும் தெரியவில்லை.

உன் மாமா புயலன்று போனவர். மயிலம் பக்கம் கம்பமெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, வயர் இழுத்துக்கொண்டிருக்கிறார். நேற்று குளித்துச் சட்டை மாற்ற வந்தார். சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

அம்மா நனையக் கூடாது. குடிதண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும். முகாமில் தங்க வைத்தால் கூட்டத்தில் உட்கார வைக்காதே, முகத்தை மூடச் சொல். பாண்டிச்சேரி போக வேண்டிய தேதி தள்ளிப்போயிருந்தால் போன் செய்து கேள். தானாகக் கூப்பிடுவார்கள் என்று இருக்காதே.

ஒரு வரி எழுதிப் போடு.

அக்கா


விழுப்புரம்
15.12.2024

அன்புள்ள அக்கா,

எல்லாரும் பத்திரம். தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கடையில்தான் மிஷினுக்குள் தண்ணீர் போய்விட்டது. அப்பா அம்மாவை மச்சு வீட்டு வெங்கடாசலம் ஐயா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டே போனார். நாற்காலியில் வைத்துத் தூக்கலாம் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். நான் உனக்கு எதுவும் எழுதவில்லை, அக்கா. எழுதவே இல்லை என்று நாளைக்கு யாராவது கேட்டால் நீ சொல்ல வேண்டும்.

படம் வரவில்லை. புயலைக் காரணம் காட்டிப் பட்டியலிலிருந்து விழுப்புரத்தை எடுத்துவிட்டார்கள். சென்னையில் பெரிய மால்களில் மட்டும்தான் போடுகிறார்களாம். தியேட்டருக்கே போய்க் கேட்டேன். "அதெல்லாம் கேன்சலு தம்பி. வேற படம் போட்டுட்டோம்" என்றார்கள்.

ஆகவே நீ லீவு போட வேண்டாம். வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ராயப்பன்


திண்டிவனம்
21.12.2024

என் அருமை ராயப்பனுக்கு,

நேற்று நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இனிமேல் உன்னிடம் போனிலும் பேசுவேன். ஆனால் இதைப் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ மதியம் சாப்பிட வந்து, என்னைப் பார்த்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டாய். அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது.

கதவைத் திறந்தது அப்பா. இளைத்துவிட்டார். கையில் கரண்டி இருந்தது. அப்பா சமைப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

"படம் பாக்க வந்தேம்பா. இன்னைக்கு ரிலீஸுன்னு ராயப்பன் எழுதியிருந்தான்" என்றேன்.

"அது இங்க வரலியே. கேன்சல் ஆயிடுச்சுன்னு நாலு நாளா அதையே பேசிக்கினு இருக்கான். உனக்கு எழுதிப் போடலியா?"

"எழுதியிருப்பான். புயல்ல தபால் எங்க ஒழுங்கா வருது?"

உன் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. அப்பா தெருவைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார் போலிருக்கிறது. பிறகு, "இவ்ளோ தூரம் வந்துட்ட. உள்ள வா. அம்மா படுத்துக்கினு இருக்கா. கால கழுவிட்டு வா" என்றார். கையைக் கழுவ சோப்பையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

ராயப்பா, செப்டம்பரிலேயே நான் கிளம்பினேன். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டேன். என்ன சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கம் போய் நின்று, அடுத்த பஸ்ஸில் திண்டிவனத்துக்கே திரும்பிவிட்டேன். நேற்று சொல்வதற்கு ஒன்று இருந்தது. படம் ரத்தானாலும் அது இருந்தது.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முக்காடு விலகியிருந்தது. தலையில் அப்போதுதான் பூனைமயிர் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தது. இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கீமோ போட்டுக்கொள்கிறவர்களைத் தினமும் லேப்பில் பார்க்கிறேன். ஆனால் அது அம்மாவின் தலை.

அருகில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்து, முதலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவன் சொல்லிட்டானா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. நான் படம் பாக்க வந்தேன்."

"மாதா மேல சத்தியம் வாங்கினேன் அவன்கிட்ட. சொல்லக் கூடாதுன்னு."

"அவன் சத்தியத்த மீறல. நீயே அவன் கடுதாசியெல்லாம் வாங்கிப் பாரு. முழுக்க ரோபோதான் இருக்கும்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கை வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சலா என்று பார்த்தேன். இல்லை.

"நோவப் பாக்க நெறையப் பேரு வர்றாங்க ஜெசி. ஆப்பிள் வாங்கிக்கினு வர்றாங்க. உன்ன கூப்பிட்டா நீயும் அதப் பாக்க ஓடியாருவ. எனக்கு அது வாணாம். நீ என்னப் பாக்கணும்னு வரணும். அதான் சொல்ல வாணான்னேன்."

"உன்னப் பாக்க வந்தேன்னு யாரு சொன்னது? படம் பாக்க வந்தேன்."

அம்மா சிரித்தார். வாய்ப்புண் வலித்தது போலிருக்கிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். அடுப்படியில் அப்பா பாத்திரத்தைப் போட்டுச் சத்தம் செய்துகொண்டிருந்தார். குழம்பு கொதித்து அடங்கியும்கூட அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

பிறகு ரிப்போர்ட்டையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். பயப்படுகிற மாதிரி இல்லை. மருந்து வேலை செய்கிறது. இன்னும் சில தடவை பாக்கி இருக்கிறது. அதுவரை உடம்பு தாங்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வருஷம் முழுக்க நீ தனியாக இதைச் சுமந்துகொண்டு, எனக்கு ரோபோவைப் பற்றி எழுதிக்கொண்டு இருந்திருக்கிறாய். உனக்கு நான் என்ன சொல்வது? வேல்விழியின் மகனாக எந்த மும்பைக்காரன் வந்தாலும் வரட்டும். நாம் முதல் ஆட்டமே போவோம்.

வருகிற 31ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நீ கடைக்கு லீவு போடாதே. அம்மாவைப் பாண்டிச்சேரிக்கு நான் கூட்டிப்போகிறேன். அதற்குப் பிறகு வரும் செவ்வாய்க்கிழமைகளும் என்னுடையவை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அங்க என்ன, அதுவும் படமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் கிளம்பும்போது நீ வண்டியை எடுக்கப் போனாய் அல்லவா, அப்போது அப்பா வாசலில் நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல், கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"புயலுக்கு மயிலத்துல லைன் இழுத்தது அவருதானா?"

"ஆமாம்பா."

"பேப்பர்ல போட்டிருந்தான், ராப்பகலா வேலை செஞ்சாங்கன்னு." கொஞ்ச நேரம் முடிச்சைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடியும் போட்டார். "கிறிஸ்மஸுக்கு வீட்ல கறி எடுப்போம். அவரு சாப்பிடுவாரா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பார்த்தாரோ இல்லையோ தெரியாது. நட்சத்திரத்துப் பக்கமே திரும்பியிருந்தார்.

அதனால் நீ அப்பாவிடம் சொல். சாப்பிடுவார். ஆட்டுக்கறியென்றால் இன்னும் ஒரு கை சேர்த்தே சாப்பிடுவார். புதன்கிழமை காலைப் பூசை முடிவதற்குள் இரண்டு பேரும் வந்துவிடுவோம். அம்மாவுக்கு மட்டும் காரம் போடாமல் முதலில் தனியாக எடுத்து வைக்கச் சொல்.

உன் அக்கா,
ஜெசிந்தா